மாப்பிள்ளையைத் திட்ட முடியாது

என் தங்கையின் கணவரை நான் வெகுகாலம் ஒருநாளும் திட்டியதில்லை. திட்டுவதற்குக் காரணம் கிடைக்காமல் இல்லை. வாரம் தவறாமல் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவர் மாப்பிள்ளை. தங்கையை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், அவளும் திருப்பித் திட்டுவாள், அதோடு முடிந்துவிடும். மாப்பிள்ளை என்றால் வீட்டுக்குள் நுழைந்ததும் எழுந்து நிற்க வேண்டும், மின்விசிறியை அவர் பக்கம் திருப்ப வேண்டும், வயிறு எரிந்தாலும் "வாங்க மாப்ள" என்று வாய் சிரிக்க வேண்டும். பல ஆண்டுகளாக நான் அப்படிச் சிரித்து வந்தேன். நான் பல்லைக் கடிக்கிறேன் என்று பல் டாக்டர் கண்டுபிடித்தார். எந்த நேரத்தில் கடிக்கிறீர்கள் என்று கேட்டார். மாப்பிள்ளை வரும் நேரத்தில் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அவருக்கு மருந்துக்கடை. ஆள் நல்ல உயரம். மேல்தட்டில் இருக்கும் இருமல் மருந்தை எடுக்க அவருக்கு ஸ்டூல் வேண்டாம், கையை நீட்டினால் போதும். குரல் மட்டும் அந்த உயரத்துக்குப் பொருந்தாது. பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். டாக்டரின் கையெழுத்தில் ஓர் எழுத்து சந்தேகமாக இருந்தாலும் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் மருந்தைத் தொடுவார். "தலைவலிக்கு ஏதாவது குடுங்க" என்று வருகிறவரை, வலி எந்தப் பக்கம், எப்போதிலிருந்து, சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்து, இல்லாத தலைவலியையும் வரவழைத்து அனுப்புவார். அந்தத் தெருவில் அவருக்கு மில்லிகிராம் என்று பெயர். அது அவருக்கும் தெரியும். கோபப்பட மாட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை என்பதே எனக்கு ஒரு கோபம்.

இந்த மில்லிகிராம்தான் கார்ப் பந்தயக்காரர். சிரிக்காதீர்கள், எனக்கு அழுகை வருகிறது.

ஊருக்கு வெளியே மூடிக்கிடக்கும் ஒரு தொழிற்சாலையில், லாரிகள் நிற்பதற்காகப் போட்ட பெரிய சிமெண்டுத் தளம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, ஒரு தையல்கடைக்காரர், இரண்டு வங்கிக்காரர்கள், இன்னும் சில வேலையற்ற வேலைக்காரர்கள் அங்கே கூடுவார்கள். ஆரஞ்சு நிறக் கூம்புகளைக் கோணல்மாணலாகப் பரப்பி வைத்து, அவற்றுக்கு நடுவே காரை வளைத்து வளைத்து ஓட்டுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான். குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறவருக்கு ஒரு கோப்பை, அதுவும் பிளாஸ்டிக். கூம்பு விழுந்தால் அபராதமாக நேரத்தைக் கூட்டுவார்கள். ஓடி முடித்த அதே காரில் வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமை அதே காரில் வேலைக்குப் போவார்கள். தனியாகப் பந்தயக் கார் வைத்துக்கொள்ள யாருக்கும் வசதி கிடையாது.

இங்கேதான் என் பிழைப்பு குறுக்கே வருகிறது. நான் வாகன இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். போட்டி, வேகச் சோதனை, பந்தயப் பயிற்சி இவற்றில் வண்டி இருந்தால் கம்பெனி பொறுப்பல்ல என்று எல்லாப் பாலிசியிலும் எழுதியிருக்கும். அதைப் படித்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவர் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை பெயரில் இருந்த கார் உண்மையில் என் தங்கைக்காக வாங்கியது. வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. தலையில் நரை வந்த பிறகும் பாப்பாதான். பிசியோதெரபிஸ்ட் வேலை. பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு எலும்பு உடைந்தவர்கள் என்று படுக்கையில் கிடப்பவர்களைத் தேடி வீடு வீடாகப் போவாள். கையையும் காலையும் மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுப்பாள். ஊரின் ஒரு கோடியில் ஒரு வீடு, மறு கோடியில் இன்னொரு வீடு. கார் இல்லாவிட்டால் பாதிப் பேரைக்கூடப் பார்க்க முடியாது. அவள் ஓட்டும்போது சில முறை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பள்ளத்தில் இறங்குவதே தெரியாமல் ஓட்டுவாள். இவ்வளவு பொறுப்பாக ஓட்டுகிறவளுக்கு இப்படி ஒரு வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொள்வேன். அவரோ மற்ற நாட்களில் ஸ்கூட்டரில் போவார். சைக்கிள்காரர்கள் அவரை முந்திக்கொண்டு போவார்கள்.

ஞாயிறு மாலை ஆனால் நான் போன் போட்டுவிடுவேன். ஆள் முழுசாக இருக்கிறாரா என்று தெரிய வேண்டாமா?

"எப்படிப் போச்சு மாப்ள?"

"நல்லா போச்சு மச்சான். ஒரு கூம்பு விழுந்துடுச்சு."

கூட்டிச் சொல்லவும் தெரியாது, குறைத்துச் சொல்லவும் தெரியாது. கூம்பு விழுந்தால் விழுந்தது என்பார். இந்தக் குணம்தான் எல்லோரையும் சந்தியில் நிறுத்தியது.

ஒருநாள் எங்கள் கிளை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் அறையில் ஏசி ஓடும், ஆனால் குளிராது. எங்கள் கம்பெனியின் கிளெய்ம் பிரிவு மாதிரி.

"என்ன சார், உங்க மாப்பிள்ளை ரேஸ் ஓட்டுறாராமே? மூச்சே விடலையே நீங்க?"

"யாரு சார் சொன்னது?"

"அவரேதான். போன் பண்ணி எங்களையே கேட்டிருக்காரு."

அப்படியே கிளம்பி மருந்துக்கடைக்குப் போனேன். வழி முழுக்க, கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் மனதுக்குள் உரக்கக் கேட்டுப் பார்த்தேன். கடைக்குப் போனால் மூன்று பேர் மருந்து வாங்க நிற்கிறார்கள். குரலைத் தாழ்த்தி, முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"மாப்ள, கம்பெனிக்கு போன் பண்ணீங்களாமே?"

"ஆமா மச்சான். ஒரு சந்தேகம். கிரவுண்டுல ஏதாவது ஆனா பாலிசி கிடையாது, அது தெரியும். வீட்லேருந்து கிரவுண்டுக்கு போற வழியில ஆனா உண்டா இல்லையான்னு அதுல தெளிவா இல்ல. அதான் கேட்டேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"உங்களைக் கேட்டா சங்கடப்படுவீங்க."

"சரி, அவங்க என்ன சொன்னாங்க?"

"அவங்களுக்கும் தெரியலையாம். ஆனா என் பேரு, வண்டி நம்பர் எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டாங்க."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கடையில் ஆள் இருந்ததால் தலையைச் சொறிந்துகொண்டேன். அங்கே கார் ஓட்டுகிறவர்கள் யாரும் கம்பெனியை எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்காத வரைக்கும் ஒருவர் சாதாரண மனிதர். கேட்ட நிமிஷமே பந்தயக்காரர். ஆசிரியைக்குத் தெரிந்திருக்கிறது, தையல்காரருக்குத் தெரிந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கும் தெரியாமல் இல்லை. தெரிந்தே கேட்டிருக்கிறார். சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேட்பதுதான் அவர் வழக்கம். டாக்டரானால் என்ன, இன்ஷூரன்ஸ் கம்பெனியானால் என்ன?

"நல்ல காரியம் பண்ணீங்க மாப்ள" என்றேன். என் கடைவாய்ப் பல் வலித்தது.

சில வாரம் கழித்து, எது நடக்கக்கூடாதோ அது நடந்தது. பாப்பா மருந்துக்கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு, எதிர்க் கட்டடத்தின் மாடியில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போயிருக்கிறாள். பட்டப்பகல். ஒரு தண்ணீர் லாரி பின்னால் வந்து, நின்றிருந்த காரின் பின்பக்கத்தை அப்பளமாக நொறுக்கிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி போய்விட்டது. மாப்பிள்ளை கடைக்குள்தான் இருந்தார். சத்தமும் கேட்டிருக்கிறது.

"லாரி நம்பரைப் பாத்தீங்களா மாப்ள?"

"இல்ல மச்சான். மாத்திரை எண்ணிக்கிட்டிருந்தேன். நடுவுல விட்டா மறுபடி முதல்லேருந்து எண்ணணும். எண்ணி முடிச்சுட்டு பாத்தேன், லாரி போயிடுச்சு."

என்ன சொல்வது என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை.

லாரி கிடைக்காததால் எங்கள் கம்பெனியில்தான் கிளெய்ம் போட வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் பெயரைத் தட்டியதும் கம்ப்யூட்டரில், பாலிசிதாரர் வேகப் போட்டியில் பங்கு கொள்பவர் என்று வந்து நின்றது. வண்டி தெருவில் சும்மா நின்றுகொண்டிருந்தது சார் என்று நான் கரடியாகக் கத்தினேன். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்த பிறகு பேசலாம் என்றார்கள்.

பணத்தைப் பற்றி மட்டும் நான் கவலைப்படவில்லை. ஒரு கம்பெனி ஒருவரைப் பந்தயக்காரர் என்று சொல்லித் தள்ளிவிட்டால், அடுத்த கம்பெனியின் முதல் கேள்வியே இதற்கு முன் உங்களை யாராவது மறுத்தார்களா என்பதுதான். மில்லிகிராம் உண்மையைச் சொல்வார். அப்புறம் அந்த வீட்டுக் காருக்கு எவனும் பாலிசி தர மாட்டான். பாலிசி இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்க முடியாது. பாப்பாவின் வேலை அதோடு போயிற்று. சர்வேயர் பார்க்கும்வரை வண்டியை எடுக்க முடியாததால் அதற்குள்ளாகவே அவள் பஸ்ஸில் அலைய ஆரம்பித்திருந்தாள். ஊர்க் கோடியில் இருந்த இரண்டு நோயாளிகள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சர்வேயர் வரும் நாளன்று காலையிலேயே அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டேன். பாப்பா வேலைக்குப் போயிருந்தாள். ஹாலில் ஆணியில் தலைக்கவசம் தொங்கியது. ஃபிரிட்ஜின் மேல் பிளாஸ்டிக் கோப்பைகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றையும் அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

"மாப்ள, கேட்டதுக்கு மட்டும் பதில். நீங்களா எதையும் சொல்ல வேண்டாம். சரியா?"

"சரி மச்சான். ஆனா கேட்டா சொல்லுவேன்."

"கேட்டா சொல்லுங்க. வேற என்ன செய்றது, சொல்லுங்க."

சர்வேயர் குட்டையான மனிதர். சட்டைப்பையில் சின்ன டார்ச். பேச்சு குறைவு, பார்வை அதிகம். வீட்டின் பக்கவாட்டில் இருக்கும் தகர ஷெட்டில், பின்பக்கம் சுவரை ஒட்டியபடி கார் நின்றது. டார்ச்சை அடித்துப் பார்த்தார். இடம் போதவில்லை.

"போட்டோ எடுக்கணும். வண்டியை கொஞ்சம் முன்னாடி எடுங்க சார்" என்றார் மாப்பிள்ளையிடம்.

மாப்பிள்ளை அசையவில்லை. "மச்சான், நீங்க எடுக்கிறீங்களா?"

எனக்கு எரிச்சல் வந்தது. சர்வேயர் முன்னால் இது என்ன கூத்து? "நான் எதுக்கு? ஓட்டுறது நீங்கதானே. எடுங்க மாப்ள."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். அந்தக் கால் உள்ளே போயிற்று. உடம்பைக் குனித்து, தலையை நுழைத்து, இன்னொரு காலை இழுத்தபோது முழங்கால் ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மறு முழங்கால் ஹாரனில் இடித்தது. ஹாரன் நிற்காமல் அலறியது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. மடக்கத் தெரியாமல் மடக்கிய கட்டில் மாதிரி மாப்பிள்ளை அதற்குள் கிடந்தார்.

"சீட்டை பின்னாடி தள்ளுங்க சார்" என்றார் சர்வேயர் சத்தமாக.

"தள்ள முடியாது. சீட்டை நகத்துற ரெயில் அடியில இல்ல. தரையோட சேத்து போல்ட் போட்டிருக்கு."

"ஏன்?"

கேட்டால் சொல்லுவேன் என்று சொல்லியிருந்தார் அல்லவா? சொன்னார். "ரெயில் இருந்தா சீட்டு லேசா ஆடும். ஆடினா வண்டி எந்தப் பக்கம் வழுக்குதுன்னு உடம்புக்கு தெரியாது. ரெயிலை எடுத்துட்டா வெயிட்டும் குறையும். அதனால ஓட்டுறவங்க கால் நீளத்தை அளந்து, அந்த இடத்துலயே..."

அங்கே நிறுத்தினார். முழங்காலை நகர்த்தியதில் ஹாரனும் நின்றது.

சர்வேயர் சீட்டைப் பார்த்தார். மாப்பிள்ளையின் காலைப் பார்த்தார். "அப்ப இது யார் காலுக்கு அளந்தது?"

"என் காலுக்கு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

பாப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தாள். தோளில் பை, முகத்தில் வேர்வை. பையைக் கீழே வைத்துவிட்டு, "எழுந்திரிங்க" என்றாள் கணவரிடம். அவரால் எழுந்திருக்க முடியவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன், சர்வேயர் கதவை அகட்டிப் பிடித்தார். ஒருவழியாக வெளியே வந்தார். பாப்பா உள்ளே உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடி அதன் உறைக்குள் போவது மாதிரி போய் உட்கார்ந்தாள். காரை ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவந்து, கேட்டுக்கு விரற்கடை தூரத்தில் நிறுத்தினாள். சிமெண்டுத் தளத்தில் இத்தனை காலம் ஓட்டியது யார் என்று யாரும் எனக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், நான் ஓட்டினேன் என்று மாப்பிள்ளை ஒருநாளும் சொன்னதில்லை. நல்லா போச்சு என்பார், கூம்பு விழுந்தது என்பார். மீதியை நானாகவே நிரப்பிக்கொண்டேன்.

சர்வேயர் போட்டோ எடுத்து முடித்தார். "லாரி மோதினப்போ வண்டிக்குள்ள யாராவது இருந்தீங்களா மேடம்?"

"யாரும் இல்லீங்க. சும்மா நின்னுச்சு."

"அப்ப நின்ன வண்டின்னுதான் எழுதுவேன். ஆனா சீட்டை மாத்தினதையும் எழுதணும். அது என் வேலை." போகும்போது மாப்பிள்ளையின் முழங்காலைப் பார்த்து, "ஏதாவது தைலம் தடவுங்க சார்" என்றார். மருந்துக்கடைக்காரருக்கே வைத்தியம்.

அவர் தலை மறைந்ததும் நான் பாப்பாவிடம் ஆரம்பித்தேன். இத்தனை வருஷம் பல்லுக்குள் அரைத்து வைத்திருந்ததெல்லாம் மொத்தமாக வெளியே வந்தது. அறிவு இருக்கா, இந்த வயசில் இது தேவையா, நாள் முழுக்க உடைந்த எலும்பைப் பார்க்கிறாயே உனக்கே உறைக்க வேண்டாமா, அண்ணன் என்று ஒருவன் இருப்பது நினைவிருக்கிறதா, இன்னும் என்னவெல்லாமோ கத்தினேன். பாப்பா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடியல. என்கிட்ட ஏன் மறைச்ச?"

"ஏன்னா இதுக்குத்தான். இப்ப கத்துறியே, இதை ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கத்துவ. அவர் ஓட்டுறாருன்னு நீயாதான் நெனச்சுக்கிட்ட. சரி, மாப்பிள்ளைன்னா நீ வாயைத் திறக்க மாட்டேன்னு விட்டுட்டோம்."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "தப்புதான் மச்சான்" என்றார் மெதுவாக. "அந்த போனும் இவளுக்காகத்தான் பண்ணேன். போற வழியில ஏதாவது ஆகி, பாலிசி இல்லன்னுட்டா என்ன பண்றதுன்னு பயம்."

பயம் என்றதும் என் கத்தல் நின்றுபோயிற்று. உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம்தான். என் தொழிலில் நசுங்கிய கார்களை நிறையப் பார்த்தாயிற்று. ஆளைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். உள்ளே ஒற்றைச் செருப்பு கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரி சாப்பிட முடியாது. பாப்பாவின் செருப்பு அப்படிக் கிடந்துவிடக் கூடாது என்றுதான் அவள் லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து நான் கத்திக்கொண்டிருக்கிறேன். இதை அவளிடம் அன்றுதான் சொன்னேன்.

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணா, வாரம் முழுக்க நான் அடுத்தவங்க காலைத்தான் தூக்கி நகத்துறேன். ஒரு அங்குலம் நகந்தா அன்னிக்கு அது பெரிய விஷயம். ஞாயித்துக்கிழமை ஒரு நிமிஷம், நான் நெனச்ச பக்கம், நெனச்ச வேகத்துல திரும்புறேன். அந்த ஒரு நிமிஷம் போதும் எனக்கு. அதை விட்டுடுன்னு சொன்னா விட்டுடுறேன். ஆனா சும்மா சொல்லாத. யோசிச்சு சொல்லு."

யோசித்துச் சொல் என்றால் நான் மாட்டிக்கொள்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வாரம் முழுக்க மேனேஜரோடு மல்லுக்கட்டினேன். சர்வேயர் நேர்மையாக எழுதிக் கொடுத்ததால் கிளெய்ம் தேறியது. ஆனால் அதற்கு மேல் அந்தக் காரின் பாலிசியை வைத்துக்கொள்ள முடியாது என்றார் மேனேஜர். போட்டிக்காரர்களை எடுக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவாம்.

"சார், அங்க ஓட்டுறவங்க பாதிப் பேரு நம்ம பாலிசிதான் வெச்சிருக்காங்க. அவங்க யாரும் வாயைத் திறக்கல. ஒருத்தர் போன் பண்ணி யோக்கியமா கேட்டாரு. கேட்டவரை மட்டும் வெளியே தள்ளுவீங்களா? இனிமே எவன் சார் நம்மகிட்ட உண்மையைச் சொல்லுவான்?"

"கத்தாதீங்க. ஏசி வேலை செய்யல, எனக்கும் சூடாதான் இருக்கு." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "சரி. ரோட்டுக்கு மட்டும் பாலிசி தரேன். கிரவுண்டுக்குள்ள என்ன உடைஞ்சாலும் அவங்க பாடு. சீட்டுக்கு ரெயில் போட்டாகணும். அப்புறம், நீங்களே நேர்ல போய் பாருங்க. ஒரு நேரத்துல ஒரு வண்டிதானா, பக்கத்து சீட்டுல ஆளு இருக்கா, ரோட்டுலயும் இந்த வேலை நடக்குதா, எல்லாத்தையும் பாத்து உங்க கையெழுத்துல எழுதிக் குடுங்க. உங்க மாப்பிள்ளையும் அதுல கையெழுத்து போடணும். அதுல ஒரு வரி பொய்யா இருந்தாலும் உங்க ஏஜென்சி போயிடும்."

அப்படித்தான் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிமெண்டுத் தளத்தில் வெயிலில் போய் நின்றேன். பாப்பா காரின் பின்பக்கத்தைச் சரிசெய்து, சீட்டுக்கு ரெயிலும் போட்டாயிற்று. மாப்பிள்ளை கையில் சிவப்புக் கொடியோடு கூம்புகளுக்கு நடுவில் நின்றார். கூம்பு விழுந்தால் கொடியைத் தூக்குவதும், ஓடிப்போய் நிமிர்த்தி வைப்பதும்தான் இத்தனை காலமும் அவர் செய்துவந்த பந்தயம். எனக்கு உட்கார ஆசிரியை ஒரு டயரை உருட்டிவிட்டார்.

பாப்பா கண்ணாடியை இறக்கி, "அண்ணா, இன்னிக்கு மெதுவா ஓட்டட்டுமா?" என்றாள்.

"மெதுவா ஓட்டு. உனக்கு பாலிசி வேணும்ல?"

மெதுவாக ஓட்டினாள். வீட்டுக்கு வீடு நின்று பால் ஊற்றுகிறவர் மாதிரி ஒவ்வொரு கூம்பாக மரியாதையோடு சுற்றி வந்தாள். தையல்காரர் வேறு பக்கம் பார்த்தார். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும், பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் என் முன்னால் கடந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது இருந்த அதே முகம். கம்பெனிக்கு நான் எழுத வேண்டியது உண்மையை, இது நடிப்பு. தவிரவும் என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காரிடம் போனேன். "இன்னொரு வாட்டி போலாமா?"

"ரெண்டு சான்ஸ் உண்டு."

"அப்ப ஒழுங்கா ஓட்டித் தொலை."

அவள் தலைக்கவசத்தின் பட்டையை இறுக்கினாள். அதற்குப் பிறகு நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. கார் ஒரு கூம்பின் காதோடு ஏதோ ரகசியம் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனது. டயர் கிறீச்சிட்டது, பின்பக்கம் வழுக்கியது, அவள் கை அதற்கு முன்பே அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. நான் டயர் மேல் ஏறி நின்றிருந்தேன். எப்போது ஏறினேன் என்று தெரியாது. கடைசித் திருப்பம். கடைசிக் கூம்பு. காரின் பின்முனை அதை லேசாகத் தொட்டது. மாப்பிள்ளையின் கொடி மேலே போயிற்று.

"யோவ் மாப்ள!"

தளம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கத்தியது நான்தான்.

"கண்ணு எங்கய்யா இருக்கு உமக்கு? அது விழல! ஆடுச்சு, அவ்வளவுதான்! கொடியை கீழ போடும்யா! லாரி போறப்போ குனிஞ்சு மாத்திரை எண்ணத் தெரியுது, கூம்பைப் பாக்கத் தெரியலையா? பொண்டாட்டின்னு கொஞ்சமாவது..."

மாப்பிள்ளை கொடியைப் பிடித்தபடியே நின்றார். அவர் காலடியில் கூம்பு குப்புறக் கிடந்தது. "விழுந்துடுச்சு மச்சான்" என்றார். அவருடைய வழக்கமான குரல்தான். ஆனாலும் அத்தனை பேருக்கும் கேட்டது.

பாப்பா காரிலிருந்து இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

காரின் பானெட் மேல் காகிதத்தை வைத்து எழுதினேன். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடுகிறது. பக்கத்து சீட்டில் ஆள் இல்லை. பார்வையாளர்கள் தள்ளி நிற்கிறார்கள். ரோட்டில் ஒழுங்காகவே ஓட்டுகிறார், நானே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எல்லாம் உண்மை. கடைசியாக ஒரு வரி: கூம்பு ஆடியது, விழவில்லை. அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை பேனாவை வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரியில் நின்றார். "மச்சான், இதை அடிச்சாதான் நான் கையெழுத்து போட முடியும்."

என் ஏஜென்சி, அவள் வேலை, எல்லாம் அந்த வரியில் நிற்கிறது என்று அவர் சொல்லிக் காட்டவில்லை. பேனாவை மட்டும் நீட்டினார். அடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். பாப்பாவுக்கு இப்போது பாலிசி இருக்கிறது. ஊர்க் கோடி வீடுகளில் ஒன்று அவளிடமே திரும்பி வந்துவிட்டது. அன்று அவள் மூன்றாவது. கூம்பு விழாமல் இருந்திருந்தால் முதல் இடம்.

அதற்காக மாப்பிள்ளையை நான் இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் வந்து உட்கார்ந்ததும் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.